எரியும்க்கா

“ராத்திரியில லைட்டு எரியுதா தம்பி?” என்று அக்கா கேட்டார். “எரியும்க்கா” என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. 2019 தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, மலேசியாவின் காப்பாரில் அவருடைய புடவைக் கடையில் நின்றபடியே நடந்தது. பஸ் ஸ்டாப்பில் விளம்பரம் வைக்கும் விளக்குப் பெட்டியை, அதாவது பேனலை, வாடகைக்கு விடுவது என் வேலை. அக்கா கேட்டது அப்படி ஒரு பெட்டியைப் பற்றி. எரிகிறது என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். எரியும் என்றேன். பால் பொங்கும், வெயில் அடிக்கும், பஸ் ஸ்டாப் விளக்கு எரியும். வழக்கமாக நடப்பதற்கும் இனி நடக்கப்போவதற்கும் தமிழில் ஒரே ‘உம்’தான். நான் அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

அன்று அது எரியவில்லை. மூன்று நாள் முன்புதான் டெக்னீஷியன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். பெட்டிக்குள் தண்ணீர், நாலு டியூப்பில் இரண்டு நுனி கறுத்துப்போய், மூலையில் பல்லி முட்டை. “மழை பெஞ்சா டிரிப் ஆவுது. அடுத்த வாரம் பாக்குறேன்” என்று கூடவே ஒரு குரல் பதிவு. அதை நம்பித்தான் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அவனுடைய அடுத்த வாரங்கள் எனக்கு நாலு வருடப் பழக்கம்.

அக்காவின் கணக்கில் தப்பில்லை. தீபாவளி என்றால் நம் ஆட்கள் சாமான் வாங்க, இந்தியக் கடைத்தெருவான கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குத்தான் வண்டியை விடுவார்கள். போகிற வழியில், காப்பாருக்குள் நுழையும் முன்பே, கூட்டரசு சாலை 5-இல் தன் கடைப் பெயர் கண்ணில் பட்டால் பத்தில் ஒருவராவது நிறுத்த மாட்டாரா? வேலை முடிந்து, குளித்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புவதற்குள் இருட்டிவிடும். அதனால்தான் விளக்கைக் கேட்டார்.

இன்னொன்றும் உண்டு. விளம்பரத்தில் மலாய் எழுத்துதான் பெரிதாக இருக்க வேண்டும். அந்த வாசகத்தை மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசாவில் சரிபார்த்து வாங்கி, அப்புறம் உள்ளூர் மன்ற அனுமதி. தமிழ் அதற்குக் கீழே, சின்னதாக. “நம்ம ஆளு தமிழப் பாத்தாதானே தம்பி திரும்புவான்” என்று, விளம்பரப் படத்திலிருந்த அரக்குப் புடவையைக் கொஞ்சம் ஒதுக்கித் தமிழுக்கு அரை அங்குலம் கூட்டி வாங்கினார்.

விளக்குப் பெட்டிக்கான படத்தில் மை கூடுதலாக இறக்குவோம். பின்னாலிருந்து வெளிச்சம் விழும்போது நிறம் வெளுத்துவிடக்கூடாது என்பதற்காக. விளக்கு இல்லாவிட்டால் அந்தப் படம் சாதாரணப் போஸ்டரைவிட மோசம். அரக்கு கறுப்பாகிவிடும், சின்ன எழுத்து இருக்கிற இடமே தெரியாது. அக்காவுக்கு இது தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும்.

எரிகிற பெட்டி ஒன்று எதிர்ப்பக்கம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்ப்பவர்கள் கிள்ளானில் வாங்கி முடித்து, பையும் கையுமாகத் திரும்புகிறவர்கள். அதை அவர் தலையில் கட்டியிருந்தால் மட்டும் நான் யோக்கியனா? சரி, இரண்டையும் சொல்லி அவரையே முடிவு செய்ய விட்டிருக்கலாம். இது இப்போது தோன்றுகிறது. அப்போது அவர் பிஸ்கட் டின்னைத் திறந்து, எச்சில் தொட்டு ஐம்பது ரிங்கிட் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கோ அந்த மாத டார்கெட்டுக்கு ஒரே ஒரு பேனல்தான் பாக்கி.

அக்டோபரில் சாயங்கால மழை தெரிந்ததுதானே. ஒரு தடவை சரிசெய்தார்கள், சில நாள் எரிந்தது, மறுபடி டிரிப். அந்த வழியாக நான் போன ஒன்பது இரவுகளில் நாலு இரவு வெளிச்சம் இருந்தது. போகாத இரவுகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? புகார் கொடுத்தால் எரியாத நாட்களுக்கு ஈடாக வாடகை நாளை நீட்டித்துத் தருவோம், ஒப்பந்தத்திலேயே உண்டு. அக்கா புகார் கொடுக்கவில்லை. கடையை அடைத்துவிட்டு எதிர்த்திசையில் வீட்டுக்குப் போகிறவர் அவர். அவர் சார்பில் நானே எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் தீபாவளி முடிந்து கிடைக்கும் பத்து நாள் யாருக்கு வேண்டும்?

ஒரு ராத்திரி அந்த நிறுத்தத்தில் தொழிற்சாலைச் சீருடையோடு ஒரு பெண், பஸ் டிரைவர் கண்ணில் படுவதற்காகப் போன் வெளிச்சத்தை ஆட்டிக்கொண்டு நின்றாள். நாங்கள் வாடிக்கையாளருக்குக் காட்டும் தாளில் அந்தச் சாலையில் போகும் வண்டிகளின் எண்ணிக்கைதான் இருக்கும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதில் வரவே மாட்டார்கள். அன்றைக்குத்தான் டெக்னீஷியனை முதல்முறையாக சத்தம் போட்டேன். அக்காவுக்காகவா என்று கேட்டால் பதில் இல்லை.

பண்டிகை முடிந்து பாக்கிப் பணம் வாங்கப் போனேன். தட்டில் முறுக்கு வைத்தார். “இந்த வருஷம் நல்லா ஓடுச்சு தம்பி” என்றார். பேனலாலா, அவர் கொடுத்த தள்ளுபடியாலா, யார் கண்டது. நான் கேட்கவில்லை. மகள் ராத்திரியில் போய் எடுத்த படம் என்று போனை என்னிடம் நீட்டினார். தமிழ் எழுத்து பளிச்சென்று இருந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. பழக்க தோஷம், விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடித் தகட்டின் நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம். அவள் போனின் ஃபிளாஷ். ஓரங்களெல்லாம் கும்மிருட்டு.

“நல்லா வந்திருக்கு இல்ல?” என்றார்.

“படம் நல்லா வந்திருக்குக்கா” என்றேன்.