ஆறாண்டு இடைவெளிக்கு ஒரு பிரமாணப் பத்திரம்

2017 பிப்ரவரியில் நான் வேலையை விட்டபோது என் இரண்டாவது குழந்தைக்கு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு நடைமுறையில் இருந்த மகப்பேறு விடுப்பு 12 வாரம். அதை 26 வாரமாக உயர்த்திய சட்டத் திருத்தம் அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்றுதான் அமலுக்கு வந்தது. தாம்பரத்தில் வீடு, சோழிங்கநல்லூரில் அலுவலகம், போக வர நாளுக்கு மூன்று மணி நேரம் என்றிருந்த நிலையில், 26 வாரம் கிடைத்திருந்தாலும் அதே ராஜினாமாக் கடிதத்தைச் சில மாதங்கள் கழித்து எழுதியிருப்பேனோ என்னவோ. ஏழு ஆண்டுகள் ஜாவா என்ற நிரல்மொழியில் நிரல் எழுதியவள் ஆறாண்டுகளுக்குப் பிறகு, 2023 ஜூலையில், மீண்டும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். அதற்கான முயற்சிக்கே ஓராண்டுக்கு மேல் பிடித்தது.

இளையவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த 2022 ஜூனில் வேலை விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கினேன். நான் விட்டு வந்த ப்ராஜெக்ட் ஒரு வங்கிக்கானது. ஜாவாவின் 8-ஆம் பதிப்பு வெளியாகி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் அங்கே ஜாவா 6 ஓடிக்கொண்டிருந்தது, நிரலைச் சேமித்து வைக்க சப்வெர்ஷன் என்ற பழைய கருவி இருந்தது. விளம்பரங்களிலோ ஜாவா 17, ஸ்பிரிங் பூட், கிட், டாக்கர் என்று நான் தொட்டிராத கருவிகளாகக் கேட்டார்கள். ஆகவே என் இடைவெளி ஆறாண்டு என்று காகிதத்தில் இருந்தாலும், தொழில்நுட்பக் கணக்கில் அது பத்தாண்டுக்கு மேல். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

பிள்ளைகள் தூங்கிய பின் இரவு ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை படித்தேன். முதல் இரண்டு மாதங்கள் வீடியோக்களைப் பார்த்தே கழிந்தன. பார்க்கும்போது எல்லாம் புரிந்தது, எழுத உட்கார்ந்தால் ஒரு வரியும் ஓடவில்லை. பிறகு எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தண்ணீர் லாரிக் கணக்கைக் கையில் எடுத்தேன். எந்தத் தேதியில் எத்தனை லாரி வந்தது, யார் கையெழுத்துப் போட்டு இறக்கினார்கள், எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதுவரை காவலாளியின் நோட்டில்தான் இருந்தன. அதை ஸ்பிரிங் பூட்டில் ஒரு சிறிய செயலியாக்கி, அதன் நிரலை யாரும் பார்க்கும்படி கிட்ஹப் தளத்தில் போட்டேன். ஒரே லாரியை இரு காவலாளிகள் இரண்டு முறை பதிவு செய்துவிட, மாதக் கணக்கில் பணம் கூடுதலாகக் காட்டியது. அந்தப் பிழையைத் திருத்தியபோதுதான் டேட்டாபேஸ் டிரான்ஸாக்ஷன் (ஒரு பதிவு முழுதாக நடக்க வேண்டும், இல்லையேல் நடக்கவே கூடாது என்ற ஏற்பாடு) குறித்து மறந்திருந்ததெல்லாம் திரும்பி வந்தது. பின்னால் நடந்த எல்லா நேர்காணல்களிலும் நான் தடுமாறாமல் பேசியது இந்த லாரிக் கணக்கைப் பற்றித்தான்.

விண்ணப்பத்தில் ஒரு தவறு செய்தேன். தேதிகளை மங்கலாக்கி இடைவெளி தெரியாதபடி எழுதிய ரெஸ்யூமேயை நாற்பது இடங்களுக்கு அனுப்பியும் ஓர் அழைப்புகூட வரவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ‘2017 பிப்ரவரி முதல் குழந்தை வளர்ப்புக்காகப் பணி இடைவெளி’ என்று வெளிப்படையாக எழுதினேன். எனினும் கதவைத் திறந்தது அந்த வரி என்று சொன்னால் அது முழு உண்மையாகாது; பழைய டீமில் உடன் வேலை பார்த்த தோழிகள் தங்கள் நிறுவனங்களில் கொடுத்த பரிந்துரைதான் (ரெஃபரல்) திறந்தது. இடைவெளிக்குப் பின் திரும்பும் பெண்களுக்கெனத் தனித் திட்டங்களும் இருக்கின்றன. டாடா குழுமம் 2008-லேயே அப்படி ஒன்றைத் தொடங்கியது. அவற்றை நான் தாமதமாகத்தான் தேடினேன்.

முதல் நேர்காணலிலேயே ஹேஷ்மேப் (ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தேடித் தரும் அட்டவணை) எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வி வந்தது. ஜாவா ஆட்களுக்கு இது சுண்டைக்காய்க் கேள்வி. ஒரே பக்கெட்டில், அதாவது அட்டவணையின் ஒரே அறையில், விழும் பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக லிங்க்டு லிஸ்டாகக் கோக்கப்படும் என்று மளமளவென்று சொன்னேன். கேட்டவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். ‘மேடம், அது பழைய பதில்’ என்றார், மரியாதையாகத்தான். ஜாவா 8 முதல், அட்டவணை போதிய அளவு பெரிதாக இருந்து ஒரு பக்கெட்டில் பதிவுகள் 8-ஐத் தாண்டினால், அந்த லிஸ்ட் மர அமைப்பாக மாறிவிடும். தெரியாததைக் கேட்டுத் தடுமாறியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. தெரிந்தது என்று நினைத்ததில் மாட்டிக்கொண்டேன். அன்றிரவு முதல், எனக்கு நன்றாகத் தெரிந்த பாடங்களையே முதலில் மறுபடி படித்தேன்.

ஒரு நிறுவனத்தின் ஹெச்.ஆர். சுற்றில், இரவு எட்டு மணிக்கு அமெரிக்க வாடிக்கையாளருடன் கான்ஃபரன்ஸ் கால் இருந்தால் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார்கள். மாமியார், கணவர், பக்கத்து வீட்டு அக்கா என்று வீட்டு நிர்வாகத்தையே ஒப்பித்தேன், வேலை கிடைக்கவில்லை. அடுத்த இடத்திலும் அதே கேள்வி வந்தபோது, ‘அப்படிப்பட்ட கால் வாரத்தில் எத்தனை நாள் இருக்கும்?’ என்று திருப்பிக் கேட்டேன். இரண்டு நாள் என்றார்கள்; அதோடு பேச்சு என் வீட்டை விட்டு அவர்கள் வேலைக்குத் திரும்பியது. நான் சேர்ந்தது அந்த இடத்தில்தான்.

ஆஃபர் லெட்டர் வந்த பிறகு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆவணச் சரிபார்ப்பில் நான் மூன்று ஆளாக இருந்தேன்: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், பான் அட்டையில் அப்பாவின் முழுப்பெயர், திருமணத்துக்குப் பின் மாற்றிய ஆதாரில் கணவர் பெயர். ஆதார் மையத்தில் 50 ரூபாய் கட்டி, பான் அட்டையைக் காட்டி அப்பாவின் பெயருக்கே திரும்பினேன். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்ற முடியும். என் கணக்கு அத்தோடு தீர்ந்தது. வேலை தேடத் தொடங்கும் நாளிலேயே எல்லா அட்டைகளையும் எடுத்துப் பெயரை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து, இடைவெளிக்கு ஒரு பிரமாணப் பத்திரம் கேட்டார்கள். தாம்பரத்தில் 20 ரூபாய் முத்திரைத்தாளில், மேற்படி ஆறாண்டுக் காலத்தில் நான் எங்கும் பணிபுரியவில்லை என்றும் எந்தக் குற்றச் செயலிலும் ஈடுபடவில்லை என்றும் தட்டச்சு செய்து, நோட்டரி முன் கையெழுத்திட்டேன். அந்த ஆறாண்டில் நான் என்ன செய்தேன் என்று எழுத அந்தத் தாளில் இடமே இல்லை.

சம்பளப் பேச்சில் என் ஏழாண்டு அனுபவத்தை ஐந்தாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வேலை கைநழுவிவிடுமோ என்ற பயத்தில் வாதாடவில்லை. ஓராண்டில் மறுமதிப்பீடு செய்வோம் என்பதை மட்டும் மின்னஞ்சலில் எழுதி வாங்கினேன். 2024 ஜூலையில் அந்த மின்னஞ்சலை எடுத்துக் காட்டியபோது, விட்டுப்போன இரண்டு ஆண்டுகளில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள்.