தோலைத் தைச்சாச்சு, நரம்பு?

போன வருஷம் வெள்ளவத்தையில எங்கட வீட்டு யன்னல் கண்ணாடி உடைஞ்சு தம்பிக்கு மணிக்கட்டில வெட்டுப்பட்டது, சின்னவிரல் பக்கம், ரெண்டு அங்குலம்கூட வராது. ஓட்டோவில கிட்ட இருந்த ஒரு கிளினிக்குக்கு ஓடினம். விறைப்பு ஊசி போட்டு அஞ்சு தையல். "நரம்புக்கு ஒண்டும் இல்லையோ" எண்டு அம்மா கேட்டவ. ரத்தம் நிண்டுட்டுதுதானே, பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லிச்சினம். எங்கட ஆக்கள் ரத்தக்குழாயையும் நரம்பு எண்டுவினம், தசைநாரையும் நரம்பு எண்டுவினம், அதால அந்தப் பதில் காணும் எண்டு நாங்களும் வந்திட்டம்.

சின்னவிரல் விறைச்சுக் கிடக்கெண்டு அவன் அண்டைக்கே சொன்னவன். ஊசியால எண்டு நினைச்சம். பத்து நாளால பாத்தா அந்த விரல்ல கொப்புளம், தேத்தண்ணிக் கோப்பை சுட்டிருக்கு, அவனுக்குத் தெரியவே இல்லை. எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு.

கை ஒப்பரேஷன் செய்யிற டொக்டரிட்ட போகேக்க அஞ்சாவது கிழமை. விரல்களை விரிக்கச் சொன்னார், ஏலேல்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில பேப்பர் ஒண்டைப் பிடிக்கச் சொல்லி இழுத்தார், பெருவிரல் மடிஞ்சு போச்சு. அல்னார் நரம்பு, சின்னவிரல் பக்கத்துக்கு உணர்வும் விரல் விரிக்கிற தசைகளுக்கு அசைவும் குடுக்கிற நரம்பு, முழுசா அறுந்திருக்கு. முதல் சில நாளிலயே எண்டா ரெண்டு நுனியையும் நேரா சேத்துத் தைச்சிருக்கலாமாம், பிந்தினா நுனிகள் சுருங்கி விலகிடும், அதால காலில இருந்து ஒரு நரம்புத் துண்டெடுத்து மைக்ரோஸ்கோப்புக்குக் கீழ, தலைமயிரை விட மெல்லிய நூலால இடையில வைச்சுத் தைச்சவை. இப்ப பாதத்தின்ர வெளிப்பக்கமும் கொஞ்சம் விறைப்பு.

தைச்ச உடன கரண்ட் வயர் மாதிரி வேலை செய்யும் எண்டு நினைச்சனான். இல்லை. வெட்டுக்கு அங்கால இருக்கிற பழைய இழையெல்லாம் செத்து, மேலயிருந்து புது இழை முளைச்சு ஊர்ந்து வரவேணும், நாளைக்கு கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர். விரல் நுனிக்கு வர அரை வருஷம் பிடிக்கும். தசையோ காத்திருக்காது, ஒரு வருஷம் ஒண்டரை வருஷம் தாண்டினா பிறகு நரம்பு வந்தாலும் எடுக்காதாம்.

எல்லா நரம்புக் காயத்துக்கும் ஒப்பரேஷன் செய்யவேணும் எண்டில்லை. செடன் எண்ட டொக்டர் 1943இல மூண்டு வகையாப் பிரிச்சிருக்கிறார்: நசுங்கி கொஞ்சக் காலம் வேலை நிக்கிறது, உறை இருக்க உள்ளிழை அறுகிறது, முழுசா அறுகிறது. மேற்கை எலும்பு உடைஞ்சு, பக்கத்தில போற நரம்பு அடிபட்டு மணிக்கட்டு தொங்கினா பெரும்பாலும் தானா வரும், அதால பாத்துப் பாத்துப் பொறுப்பினம். ஆனா கண்ணாடி, கத்தி வெட்டும் விறைப்பும் சேந்து வந்தா பொறுக்கக்கூடாது, திறந்து பாக்கவேணும். ஆரும் அப்பிடிப் போனா, விறைப்பு ஊசி போடமுதல் விரல் நுனியைத் தொட்டுப் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ, தயவுசெய்து கேளுங்கோ.

இப்ப இரவில ஸ்பிளின்ட் (விரல்களைத் தாங்கிப் பிடிக்கிற கட்டு), பகலில பிசியோ, விரல் மூட்டு இறுகாமல் இருக்க. கிளினிக்கில நரம்பு போற வழியில மெல்லத் தட்டுவினம், கரண்ட் அடிச்ச மாதிரிக் கூசுற இடம்தான் புது இழை வந்து நிக்கிற இடம், 1915இல டினெல் எண்டவர் எழுதி வைச்ச முறை. தம்பி அந்த இடத்தில பேனையால புள்ளி போட்டு ஃபோட்டோ எடுத்து வைக்கிறான். போன மாசம் உள்ளங்கையில, இப்ப சின்னவிரல் அடிக்கு வந்திட்டுது.