எரிந்துபோன டாங்கிள்

போன ஐப்பசி மழையில் ஒரே ஒரு இடி. கம்ப்யூட்டர் தப்பியது, யூபிஎஸ் தப்பியது. பின்னால் செருகியிருந்த டாங்கிள் மட்டும் போய்விட்டது. கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்தான். ஆனால் அது இருந்தால்தான் மூன்றரை லட்சம் கொடுத்து வாங்கிய என் பஞ்சிங் சாஃப்ட்வேர் திறக்கும்.

திருப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்காக: பனியனில் பூவோ முயலோ போட, எம்பிராய்டரி மிஷின் ஊசி எங்கெங்கே குத்த வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பதுதான் பஞ்சிங். ஆயிரம் ஸ்டிட்ச்சுக்கு இவ்வளவு என்று கூலி.

விற்றவர்களுக்குப் போன் போட்டேன். "தொலைஞ்சாலும் எரிஞ்சாலும் ஒண்ணுதாங்க சார், புது லைசென்ஸ்தான் வாங்கணும்" என்றார்கள். பில் இருக்குதுங்க, எரிந்த டாங்கிளும் கையில் இருக்குதுங்க என்று நான்கு நாள் மன்றாடிய பிறகு, அதை அனுப்பினால் பார்க்கிறோம், ஆறு வாரம் ஆகும் என்று இறங்கி வந்தார்கள். இங்கே பெருமாநல்லூர் ரோட்டுப் பார்ட்டிக்குத் திங்கட்கிழமை சாம்பிள் போக வேண்டும்.

இரண்டு தெரு தள்ளி யூனிட் வைத்திருக்கும் தம்பி சிரித்தான். "ஏனுங்கண்ணா, இதுக்குப் போய் இத்தன ரோசனையா?" பெண்டிரைவை நீட்டினான். அதே சாஃப்ட்வேர், அதே வெர்ஷன், பூட்டை உடைத்த காப்பி. திறக்கும்போது டாங்கிளைத் தேடிக்கொண்டு நிற்கும் அந்தப் பத்து நொடிகூட இல்லை. காசு கொடுத்தவன் கையில் ஆறு வாரக் காத்திருப்பு, கொடுக்காதவன் கையில் நல்ல சரக்கு. 2005இல் சோனி பிஎம்ஜி கம்பெனியின் பாட்டு சிடிக்களில் நடந்ததும் இதுதான். காசு கொடுத்து வாங்கியவர்கள் கம்ப்யூட்டரில்தான் சிடியில் இருந்த காப்பித் தடை புரோகிராம் திருட்டுத்தனமாக ஒளிந்துகொண்டது. ஓசியில் இறக்கியவனுக்கு அந்தத் தொல்லையே இல்லை.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. 2006இல் தொழில் ஆரம்பித்தது கோவை காந்திபுரத்தில் நூறு ரூபாய்க்கு வாங்கிய சிடியில். தெரிந்தே திருட்டுப் பிரதியை ஓட்டினால் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில் ஏழு நாளிலிருந்து மூன்று வருடம் வரை சிறை என்பது அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

மாற்றியது ஒரு மயில். மூன்று ராத்திரி உட்கார்ந்து பஞ்ச் செய்தது, நாற்பத்தெட்டாயிரம் ஸ்டிட்ச். இரண்டு மாதம் கழித்துக் காதர்பேட்டையில் யாரோ தயாரித்த குழந்தைக் கவுனில் அதைப் பார்த்தேன். என்னுடையதுதான் என்று எப்படித் தெரியும்? கழுத்திலிருந்து தோகைக்குப் போகும் இடத்தில் நூலை வெட்டும் ட்ரிம் போட மறந்திருந்தேன், ஒரு நூல் குறுக்கே ஓடும். என் தப்போடு சேர்த்தே திருடியிருந்தார்கள். மிஷினுக்குக் கொடுக்கும் டிஎஸ்டி ஃபைலுக்குப் பூட்டு எதுவும் கிடையாது, யாரும் காப்பி எடுக்கலாம். அன்றைக்கு வயிறு எரிந்தது. சாஃப்ட்வேர் எழுதியவனுக்கும் இப்படித்தானே எரியும் என்று தோன்றி, சீட்டு எடுத்துக் காசு சேர்த்து, 2014இல் முறையாக வாங்கினேன்.

சரி, அந்தப் பெண்டிரைவை என்ன செய்தேன்? போட்டேன். சாம்பிள் திங்கட்கிழமை போனது. காசு கொடுத்து வாங்கிய புரோகிராமுக்குப் பாதுகாப்புப் பிரதி வைத்துக்கொள்ள அதே சட்டம் 52ஆம் பிரிவில் இடம் கொடுக்கிறது. தம்பி கொடுத்தது அந்தக் கணக்கில் வருமா என்று வக்கீலைக் கேட்கவில்லை. 2006இல் செய்தது திருட்டு, இது இல்லை. என் மனசுக்கு அவ்வளவுதான்.

இங்க்ஸ்டிட்ச் என்று இலவசப் பஞ்சிங் சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது, இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் புரோகிராமுக்குள் ஓடும், டாங்கிளும் வேண்டாம். சின்ன லோகோக்களை அதில் பழகிக்கொண்டிருக்கிறேன். கை இன்னும் வரவில்லை.

புது டாங்கிள் ஏழாவது வாரம் வந்தது. இப்போது வானம் கறுத்தால் முதல் வேலையாக அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். தம்பியின் பெண்டிரைவை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.