ஓம்னியில் மூன்றாவது தடவை ஒட்டிய எல்.இ.டி. ஸ்ட்ரிப்

ஒரு மாதமாகிறது. என் மாருதி ஓம்னி வேனின் உள்கூரையில் ஒட்டிய ஸ்ட்ரிப்பில் ஒரு எல்.இ.டி.கூடப் போகவில்லை. கண் பட்டுவிடக் கூடாது என்று இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். இதற்கு முன்னால் ஒட்டிய இரண்டும் குப்பைக்குப் போனவை.

முதல் ஸ்ட்ரிப்பின் கதை கொல்லிமலையில் முடிந்தது. சோளக்காட்டுப் பக்கம் தெரிந்தவர் தோட்டத்தில் இரண்டு இரவு தங்கல். வண்டியை நிறுத்தி, பின்கதவைத் தூக்கிவிட்டு, அந்த வெளிச்சத்திலேயே சமையல், சாப்பாடு எல்லாம். ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது இருட்டிவிட்டது. எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கும்வரை பின்சீட்டில் பிள்ளைகள் விளக்கைப் போட்டுக்கொண்டு சீட்டாடினார்கள். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது என்று திட்டிக்கொண்டே ஓட்டினேன். நாமக்கல் தாண்டுவதற்குள் மும்மூன்று எல்.இ.டி.யாகச் சிமிட்ட ஆரம்பித்து, ஈரோடு வந்தபோது பாதி ஸ்ட்ரிப் இருட்டு.

நின்ற வண்டியில் இரண்டு இரவு எரிந்தது ஓடும் வண்டியில் ஏன் செத்தது? எங்கள் ஏரியா ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் காட்டினேன். ஸ்ட்ரிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, பன்னெண்டு வோல்ட்டுன்னு இதுல எழுதியிருக்கு. உங்க டைனமோவுக்குப் படிக்கத் தெரியுமுங்களா?" என்று கேட்டார். மல்டிமீட்டரை வைத்தால், எஞ்சின் அணைந்திருக்கையில் 12.5 வோல்ட், ஓடும்போது 14.3.

இரண்டு வோல்ட்டுக்கு என்ன இவ்வளவு என்று நினைப்பவர்களுக்கு: ஸ்ட்ரிப்பில் மூன்று எல்.இ.டி.யும், கரண்டை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டரும் சேர்ந்ததுதான் ஒரு துண்டு. என்னுடையதில் ரெசிஸ்டர் மேல் 151 என்று இருக்கிறது, அதாவது 150 ஓம். மூன்று எல்.இ.டி.யும் சேர்ந்து ஒன்பது சொச்சம் வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி முழுக்க ரெசிஸ்டர் தலையில். 12 வோல்ட்டில் மீதி 2.7, கரண்ட் 18 மில்லி ஆம்பியர். 14.3 வந்தால் மீதி 4.7 ஆகி, கரண்ட் 31-க்குப் போய்விடும். ரெசிஸ்டரின் சூடு மூன்று மடங்கு. மேலே தகரக் கூரை, கீழே ரெக்சின், நடுவில் காற்றே புகாத இடம். சாகாமல் என்ன செய்யும்?

இரண்டாம் தடவை சோம்பேறி வழி: 1என்5408 டயோடு இரண்டை வரிசையில் போட்டு ஒன்றரை வோல்ட்டைக் குறைத்தேன். வண்டி ஓடும்போது சரியாக இருந்தது. நிறுத்தினால் வெளிச்சம் மங்கல். முகாமில்தானே எனக்கு வெளிச்சமே வேண்டும்! கடுப்பில் பிடுங்கும்போது ஸ்ட்ரிப்பும் கிழிந்தது.

மூன்றாவதுதான் இது. எல்எம்2596 மாட்யூல், அதாவது வரும் வோல்ட்டைக் குறைத்து ஒரே அளவில் கொடுக்கும் சின்ன போர்டு, எல்லோரிடமும் இரண்டு மூன்று கிடக்கும். ஆனால் 12 வோல்ட்டில் செட் பண்ணவில்லை. அதற்கு உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் இடையில் ஒன்றரை வோல்ட்டாவது வித்தியாசம் இருக்க வேண்டும். பேட்டரியை 12.1-க்குக் கீழே இறங்கவிடுவதில்லை என்பது என் கணக்கு. அதில் ஒன்றரையைக் கழித்தால் 10.6. வெளிச்சம் குறையுமே என்றால், குறையும். இரண்டு மீட்டருக்குப் பதில் மூன்று மீட்டர் ஒட்டிவிட்டேன், தீர்ந்தது. எஞ்சின் ஓடினாலும் அணைந்தாலும் ஒரே வெளிச்சம், கை வைத்தால் சூடே தெரிவதில்லை. மொத்தம் 0.68 ஆம்பியர். ஐந்து மணி நேரம் எரித்தாலும் என் 35 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் பத்தில் ஒரு பங்குதான் குறையும்.

இப்போது அந்தப் பித்தளை ஸ்க்ரூ. மாட்யூலின் நீலப் பெட்டி மேல் இருக்குமே, வோல்டேஜ் செட் பண்ண, அது. முதல் நாள் திருப்புகிறேன், திருப்புகிறேன், வெளியே 11.4-லேயே நிற்கிறது. பத்துச் சுற்று இடப்பக்கம். அசையவில்லை. டூப்ளிகேட் ஐசி தலையில் கட்டிவிட்டான் என்று விற்றவனைத் திட்டிவிட்டு, வலப்பக்கம் பத்துச் சுற்று. அதுவும் இல்லை. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அது 10 கே (பத்தாயிரம் ஓம்) பாட், அதாவது திருப்பத் திருப்ப ஓம் மாறும் ரெசிஸ்டர், 25 சுற்று, ஒரு சுற்றுக்கு 400 ஓம். எட்டாயிரம் ஓம் பக்கத்தில் நின்றிருந்தால் மாட்யூலிடம் அது கேட்கும் வோல்டேஜ் முப்பதுக்கு மேல். உள்ளே வருவதே 12.5 என்றால் இருப்பதைத்தான் கொடுக்கும். இரண்டரை கே பக்கம் வரும்வரை மீட்டரில் எதுவும் தெரியாது. மறுநாள் இடப்பக்கமே விடாமல் சுற்ற, பதினான்காவது சுற்றில் சடசடவென்று இறங்கியது. விற்றவனை மனதுக்குள் மன்னித்துவிட்டேன்.

10.6-ல் நிறுத்தி, ஸ்க்ரூ மேல் வீட்டம்மாவின் நெயில் பாலிஷை ஒரு சொட்டு வைத்தேன். (எது குறைந்தாலும் கண்டுபிடிக்காத ஆள், அந்த ஒரு சொட்டை மட்டும் கண்டுபிடித்துவிட்டாள்.) ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் 11.1. மலிவு பாட், ஆட்டத்தில் நகர்ந்திருக்கிறது. நகர்வதைவிடப் பெரிய பயம், உள்ளே தொடுமுனை விட்டுப்போனால் பேட்டரி வோல்டேஜ் அப்படியே ஸ்ட்ரிப்புக்குப் போய்விடும். கொல்லிமலைக் கதை மறுபடியும்.

பாட்டையே பிடுங்கிவிட்டேன். மூன்று காலும் ஒரே நேரத்தில் உருக வேண்டும், இல்லையென்றால் போர்டின் செம்பும் கூடவே வந்துவிடும். புது ஈயத்தைத் தாராளமாக அப்பி, சோல்டரிங் அயர்னைக் காலுக்குக் கால் மாற்றி மாற்றி வைத்துக் கழற்றினேன். அதற்கே முக்கால் மணி நேரம். ஐசியின் அடிப்படை வோல்டேஜ் 1.23. என் மாட்யூலில் கீழ் ரெசிஸ்டர் 331, அதாவது 330 ஓம். மேலே, பாட் இருந்த இடத்தில், 2530 ஓம் இருந்தால் 10.66 வோல்ட் வர வேண்டும். 2.2 கே ஒன்று, 330 ஒன்று, வரிசையில் சால்டர் பண்ணினேன். மீட்டரில் 10.64! இனி திருப்புவதற்கு ஸ்க்ரூவே இல்லை. அந்த எண்ணை வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரெசிஸ்டரெல்லாம் போன வருடம் சென்னை போனபோது ரிச்சி தெருவில் நூறு நூறாக வாங்கி வைத்தது. ஆன்லைனில் பத்து ரெசிஸ்டர் வாங்கினால் கூரியர் கூலிதான் அதிகம். ஸ்ட்ரிப்பை மட்டும் நேரில் பார்த்து வாங்குவதே நல்லது. எரிய வைத்து, கடைசி முனை மங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மங்கினால் உள்ளே செம்பு மெல்லிசு. இந்தத் தடவை வார்ம் ஒயிட் வாங்கினேன். வெள்ளை விளக்குக்கு வரும் ஈசல் கூட்டம் இதற்கு அவ்வளவு வருவதில்லை, சாம்பார் தப்பித்தது.

இன்னும் முடியாதவை இருக்கின்றன. ஸ்ட்ரிப்போடு வரும் டபுள் டேப் ஈரோட்டு வெயிலுக்கு இரண்டே நாளில் தொங்கிவிட்டது. அலுமினிய சேனல் வாங்கும்வரை நாலைந்து இடத்தில் கேபிள் டை. மாட்யூல் ஓடும்போது எஃப்.எம்.மில் உஸ்ஸென்று ஒரு சத்தம் வேறு. ஒயரை ஃபெரைட் வளையத்தில் நான்கு சுற்றுச் சுற்றினேன், பாதி அடங்கியிருக்கிறது.

நடுவில் இன்னொன்றும் ஆரம்பித்துவிட்டேன், கூடாரத்துக்குள் தொங்கவிட ஒரு விளக்கு. பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த 18650 லித்தியம் செல் மூன்று வரிசையில், கூட செல்களைக் காக்கும் பிஎம்எஸ் போர்டு ஒன்று. முழு சார்ஜில் 12.6-தான் வரும் என்பதால் இதற்கு மாட்யூலே தேவையில்லை. செல் இறங்க இறங்க விளக்கு தானாக மங்கும், அதுவே எச்சரிக்கை. ஒரு செல் மட்டும் இரண்டே நாளில் தானாக 0.3 வோல்ட் இறங்குகிறது, அதைத் தூக்கிப் போட வேண்டும்.

அதற்கு முன்னால் கதவு சுவிட்ச் வேலை. கதவைத் திறந்தால் ஸ்ட்ரிப் எரிய வேண்டும் என்று ஆசை. ஸ்ட்ரிப் எரியாவிட்டாலும் மாட்யூல் தானாக 5 முதல் 10 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே சுவிட்ச், மாட்யூலுக்கு முன்னால் வர வேண்டும். என் வண்டியில் கதவு சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கிறது, மாட்யூலின் நெகட்டிவை அதில் கொடுத்தால் போதும். 2 ஆம்பியர் பியூஸ் ஏற்கெனவே பேட்டரி ஓரத்திலேயே போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சுவிட்சைக் கழற்றப் போனால், அதன் ஒற்றை ஸ்க்ரூ துருப்பிடித்து அசைய மாட்டேன் என்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.