நடு ஏரியில் நிலைத் தண்ணீர்

அந்த ஏரியின் கரையை எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். தெரியும் என்றுதான் பத்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். புல்வெளி சரிந்து ஏரியைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு மர மேஜை இருக்கிறது. நீளவாக்கில் சட்டங்கள் அடித்து, இருபுறமும் பெஞ்சுகளைச் சேர்த்தே செய்தது. அதன் மேல் ஏறி உட்கார்ந்து, என் நண்பர்கள் இருவர், பாய்மரம் பொருத்தி நின்றபடியே காற்றில் ஓட்டும் பாய்ப்பலகையில் ஏறுவதையும் விழுவதையும் பார்த்துக் கருத்துச் சொல்வது என் பொழுதுபோக்கு. "விழுவதற்கு எதற்கு இத்தனை தட்டுமுட்டுச் சாமான்? சும்மாவே விழலாமே" என்பது என் கருத்துகளில் ஒன்று. மற்றவையும் ஏறக்குறைய இதே தரம்தான்.

நண்பர்களில் ஒருவருக்குப் பேராசிரியர் என்று பெயர். எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்தியவர் அல்லர். மற்ற எல்லா இடங்களிலும் நடத்துவதால் வந்த பெயர். இன்னொருவர் மௌனி. காலையில் "வந்துவிட்டாயா" என்பார், மாலையில் "போகலாம்" என்பார், இடையில் அந்தப் பாய்ப்பலகை விளையாட்டை, அதாவது விண்ட்சர்ஃபிங்கை, அற்புதமாகச் செய்வார். இருவரில் யாரிடம் கற்றுக்கொள்வது நல்லது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். எனக்கு வாய்த்தவர் பேராசிரியர்.

இந்த முறை நீர்மட்டம் ஏறியிருந்தது. "எப்போதும் சேறாகக் கிடக்கும் ஓரமெல்லாம் இப்போது தண்ணீர். விழுந்தாலும் மெத்தையில் விழுந்ததுபோல. இதைவிட நல்ல நாள் உனக்குக் கிடைக்காது" என்று தொலைபேசியில் சொன்னார். நாற்பத்தாறு வயதில் ஒருவனை ஏமாற்ற இவ்வளவு போதும்.

போய்ப் பார்த்தால் ஏரி எங்களை வரவேற்கப் பாதி வழிக்கு எழுந்து வந்திருந்தது. வாகனம் நிறுத்துமிடத்தில் பாதி தண்ணீருக்குள். வெள்ளைக் கோடுகளுக்கு இடையே மீன்குஞ்சுகள், சில கார்க்காரர்களைவிட ஒழுங்காக, வரிசையில் நின்றன. எச்சரிக்கைப் பலகையில் மேல் வரி மட்டும் வெளியே தெரிந்தது: 'இங்கே நீந்தக்'. 'கூடாது' மூழ்கிவிட்டிருந்தது. என் மேஜையைத் தேடினேன். அது இருந்த திசையில் சிற்றலைகள் பளபளத்தன. பாவம், மூழ்கிவிட்டது என்று ஒரு நொடி வருந்தினேன். அதற்கு மேல் அதைப் பற்றி நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

பாய் கட்டும் வேலை தொடங்கியது. இரண்டு துண்டாக வரும் பாய்மரத்தைப் பொருத்தி, பாயின் உறைக்குள் செருகி, அடிக்கயிற்றை உயிர்போக இழுத்து, கைப்பிடிக் குழாயை மாட்ட வேண்டும். இவர்கள் அதைப் பூம் என்கிறார்கள். பாய்மரத்தின் அடியில் எந்தப் பக்கமும் மடங்கும் ஒரு மூட்டு இருக்கிறது. இந்த விளையாட்டின் சூட்சுமம் முழுவதும் அந்த மூட்டில்தான். சுக்கான் கிடையாது. பாயை முன்னால் சாய்த்தால் பலகையின் மூக்கு காற்றைவிட்டு விலகும். பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். கேட்க எளிதாக இருக்கும் விஷயங்களிடம் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு.

பலகையின் வாலுக்கு அடியில், மீனின் செட்டைபோல ஓர் அடித்துடுப்பு வரும். அதைத் திருகாணியால் முடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் பேராசிரியர் வரலாற்றுக்குப் போனார். 1958ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹெய்லிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற சிறுவன் ஒரு பலகையில் பாயைக் கட்டி ஓட்டினானாம். வயது 12. பத்து ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் ஜிம் டிரேக்கும் ஹாயில் ஷ்வைட்சரும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1970இல் கிடைத்தது. பின்னால் பிரிட்டிஷ் நீதிமன்றத்தில், இது முன்பே ஒரு பையன் செய்ததுதானே என்று அந்தக் காப்புரிமை செல்லாமல் போய்விட்டது. "1976இல் உலக சாம்பியன் ஆன ராபி நேஷுக்கு வயது என்ன தெரியுமா? பதின்மூன்று!" என்று முடித்தார். பன்னிரண்டும் பதின்மூன்றும் சேர்ந்து என்னை உறுத்திக்கொண்டிருந்ததில், திருகாணியை எத்தனை சுற்று முடுக்கினேன் என்று இன்றுவரை நினைவில்லை. முடுக்கினேனா என்பதே ஐயம்தான்.

தண்ணீரில் இறங்கினோம். பலகை நல்ல அகலம், ஒரு குடும்பமே ஏறலாம். ஏறி நின்றேன். தண்ணீரில் கிடக்கும் பாயைக் கயிற்றைப் பிடித்து இழுத்து நிமிர்த்த வேண்டும். என் பாய் ஐந்து சதுர மீட்டர். அதன் மேல் இரண்டே சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலும் 100 கிலோ. நான் ஏரியையே தூக்க முயன்றுகொண்டிருந்தேன்.

"முதுகால் இழுக்காதே, முழங்காலை மடக்கு! அவசரப்படாதே, தண்ணீர் வடியட்டும்!"

வடிந்தது. பாய் சட்டென்று இலேசாகி எழுந்தது. அதுவரை அதை நம்பிப் பின்னால் சாய்ந்திருந்த நான், பிடிமானம் போனதும் மல்லாந்தேன். இரண்டாவது முறை முன்னால் விழுந்தேன். மூன்றாவது முறை பாய் என்மேல் விழுந்தது. அதற்கடியில் இருக்கும்போது உலகம் அமைதியாக, இளநீலமாக இருக்கிறது. பேராசிரியரின் குரல்கூடக் கேட்பதில்லை. எனக்கு அங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

ஏழாவது முறையா எட்டாவதா தெரியாது, நின்றுவிட்டேன். பூமைப் பிடித்துப் பின்கையைச் சற்று இழுத்ததும் பாய் காற்றைக் குடித்தது, பலகை நகர்ந்தது. யாரும் தள்ளவில்லை, இயந்திரம் இல்லை, நான் நகர்ந்துகொண்டிருந்தேன்! பலகைக்கடியில் தண்ணீர் சலசலக்கும் அந்த ஓசையை நான் பத்து ஆண்டுகளாக மேஜையிலிருந்து கேட்டதே இல்லை. கரையிலிருந்த என் மனைவி இதைப் பார்த்தாளா என்று திரும்பிப் பார்க்க ஆசை. திரும்பினால் விழுவேன். எனவே நேராகப் பார்த்துக் கம்பீரமாகப் போனேன். அருகே கடந்து சென்ற மௌனி பலகையின் நடுவைக் காட்டி, "நடுத்துடுப்பை மடக்கு" என்றார். முழு வாக்கியம்! அவருக்கு அது பெரிய செலவு. புல்வெளி மூழ்கிய ஓரம் ஆழமில்லை என்பதால் சொல்கிறார் என்று புரிந்து, காலால் மடக்கினேன். வாலுக்கு அடியில் இன்னொரு துடுப்பு இருப்பது நினைவுக்கு வரவில்லை.

அப்போது காற்று ஏறியது. இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, பேராசிரியர் சொல்லி நான் நம்பாதது. காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின் மேல் அதன் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டர் 28 ஆனாலே விசை ஏறத்தாழ இரட்டிப்பு. வேகத்தில் அந்த எட்டு கிலோமீட்டர் மரங்களின் மறைவிலிருந்து நான் வெளிப்படக் காத்திருந்ததுபோல வந்தது. பூமை விட்டுவிட்டால் பாய் தானே விழும், எல்லாம் நின்றுவிடும். பயந்த மனிதன் எதையும் விடுவதில்லை. கெட்டியாகப் பிடித்தேன். பலகை பறந்தது. வரலாற்றிலேயே அதிவேகமான கருத்துரையாளன் நான்தான்.

டக்.

பலகை நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. பாயைச் சுற்றி ஒரு வளைவில் போய் முகம் குப்புற விழுந்தேன். லைஃப் ஜாக்கெட் மேலே தூக்கிவிட, கைகால்களை உதறினேன். நடு ஏரி, எத்தனை ஆள் ஆழமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கால் எதிலோ இடித்தது. ஏறினேன். அடுத்து இன்னொரு படி. அதிலும் ஏறினேன். தண்ணீர் கெண்டைக்காலுக்கு இறங்கிவிட்டது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். விட்ட காலுக்கு ஆழமே இல்லாமல் போனால் என்ன செய்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

வலது பாதத்தில் சுருக்கென்று குத்தியது. தலை நீட்டிய ஓர் ஆணி. பத்து ஆண்டுகளில் என் இரண்டு கால்சட்டைகளைக் கிழித்த ஆணி. எங்கே நிற்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

பலகை சில அடி தள்ளி மிதந்தது. தண்ணீரில் விரிந்து கிடந்த பாய் நங்கூரம்போல இழுத்துப் பிடித்திருந்தது. என்ன நடந்தாலும் பலகையைவிட்டு விலகக் கூடாது என்பது முதல் விதி. நீந்திப் போய் ஏறினேன். பாயை நிமிர்த்தியதும் பலகை கடிகார முள்போல நின்ற இடத்திலேயே சுற்றியது. அடியில் தடவிப் பார்த்தேன். துடுப்பு இல்லை. பலகையை இழுத்துக்கொண்டு மேஜைக்கே திரும்பினேன், வேறு போக்கிடம் இல்லை.

ஆபத்துக்கு ஒரு சைகை உண்டு: இரு கைகளையும் பக்கவாட்டில் மெதுவாக உயர்த்தித் தாழ்த்த வேண்டும். உலகம் முழுவதும் கடலில் செல்லுபடியாவது. செய்தேன். கரையில் என் மனைவி மகிழ்ச்சியோடு கையசைத்தாள். மறுபடி செய்தேன். பக்கத்தில் நின்றிருந்தவர்களும் அசைத்தார்கள். ஒரு சிறுவன் எனக்கு எதிரே நின்று, என்னைப் பார்த்துப் பார்த்து, அதே உடற்பயிற்சியைச் செய்தான். அவர்கள் கண்ணுக்கு, ஏரி நடுவே ஒருவன் தண்ணீரின் மேல் நின்று இறக்கை அடித்துக்கொண்டிருந்தான். உதவி தேவைப்படுகிறவன் அப்படியா தெரிவான்?

பேராசிரியர் தொலைவில் கடந்து போனார். "நிற்கிறாயே! முதல் நாளே நிற்கிறாயே!" என்று கத்தி, பாராட்ட ஒரு கையை எடுத்தார். உடனே விழுந்தார்.

கடைசியில் வந்தவர் மௌனிதான். பாயைத் தாழ்த்தி, சுற்றிலும் பார்த்து, தண்ணீருக்குள் கையை விட்டுச் சட்டத்தைத் தடவினார். பிறகு பலகையிலிருந்து இறங்கி, மேஜையின் விளிம்பில் இடுப்பளவு நனைய உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினார். நானும் உட்கார்ந்தேன். சற்று நேரம் இருவரும் அங்கிருந்தபடி, பேராசிரியர் ஏறுவதையும் விழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தோம். கருத்து எதுவும் சொல்லவில்லை.

திரும்பியது, பாயைப் பலகையின் பின்பாதியில் சாய்த்து, குப்புறப் படுத்து, கைகளால் துழாவி. ஆமைகள் இதைவிட வேகமாகப் போவதுண்டு. வழியெல்லாம் திருகாணி பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் வந்தேன்.

மூன்று வாரத்தில் தண்ணீர் இறங்கியது. துடுப்பைத் தேடிப் போனேன். தேட அவசியமே இருக்கவில்லை. மேஜையின் இரு சட்டங்களுக்கு இடையே, உறையில் வாள் இறங்கியதுபோல, முனை கீழேயும் அடிப்பாகம் மேலேயுமாக நிமிர்ந்து நின்றது. மேஜையைச் சுற்றி ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. தாத்தா தம் தொப்பியைக் கழற்றி, மாட்டுவதற்கென்றே யாரோ பொருத்தி வைத்ததுபோல, அதன் மேல் மாட்டியிருந்தார்.

"நல்ல வசதியாகச் செய்திருக்கிறார்கள்" என்றார் என்னிடம்.

"ஆமாம் ஐயா" என்றேன்.