அயோவா கவுன்டி ஆவணங்கள்: டைட்டில் சர்ச் தேர்வில் மார்க் போகும் இடங்கள்

டைட்டில் சர்ச் (ஒரு நிலம் யாருடையது, அதன் மேல் என்ன பாக்கி என்று ஆவணங்களில் தேடுவது) பயிற்சித் தேர்வில் அமெரிக்காவின் அயோவா மாநிலம் வந்தால், அதன் 99 கவுன்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) பெயரையும் மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். நில விவரத்தை வாசிக்கத் தெரிய வேண்டும். கவுன்டி அலுவலகங்கள் இருக்கும் கோர்ட்ஹவுஸில் எந்தக் காகிதம் யாரிடம் இருக்கும் என்றும் தெரிய வேண்டும். கேள்விகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்குள்தான் சுற்றும்.

நில அளவையில் டவுன்ஷிப் என்னும் ஒரு சதுரம் ஆறு மைலுக்கு ஆறு மைல், அதற்குள் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். எண் 1 வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே 6 வரை போகும். 7 அதற்கு நேர் கீழே. அங்கிருந்து கிழக்கே திரும்பும். ஏர் பூட்டி உழும்போது சால் திரும்புமே, அப்படித்தான். வெள்ளைத்தாளில் இந்தக் கட்டத்தைப் பத்து முறை கையால் போட்டுவிடுங்கள். 14-க்கு வடக்கே 11, தெற்கே 23 என்று பார்க்காமலே சொல்ல வர வேண்டும்.

நில விவரத்தைக் கடைசியிலிருந்து வாசியுங்கள். 'தென்பாதி, வடகிழக்குக் கால், செக்‌ஷன் 14' என்றால் முதலில் 14-ஐப் பிடியுங்கள். அதன் வடகிழக்குக் கால் 160 ஏக்கர், அதில் தென்பாதி 80. நடுவில் ஒரு 'மற்றும்' வந்தால் கணக்கே மாறும்: தென்மேற்குக் காலின் வடகிழக்குக் கால் 40 ஏக்கர், தென்மேற்குக் காலும் வடகிழக்குக் காலும் என்றால் 320. மார்க் அதிகம் போவது இங்கேதான். வடக்கு ஓர வரிசையிலும் மேற்கு ஓர வரிசையிலும் உள்ள செக்‌ஷன்களுக்கு 640 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். சர்வேயில் வந்த கூடுதல் குறைவை எல்லாம் அந்த ஓரங்களில்தான் தள்ளியிருக்கிறார்கள்.

பரப்பில் அயோவாவின் பெரிய கவுன்டி கோசத், தலைமையிடம் அல்கோனா. 1855-ல் பான்கிராஃப்ட் கவுன்டியை இதோடு சேர்த்ததால் வந்த அளவு இது. 1870-ல் வடபகுதியைப் பிரித்து க்ரோக்கர் கவுன்டி ஆக்கினார்கள். புதிய கவுன்டிக்கு 432 சதுர மைலாவது வேண்டும் என்ற அரசியல் சட்ட விதிக்குப் பரப்பு போதவில்லை. மறு வருடமே ரத்து. 432 எப்படி வந்தது? ஒரு டவுன்ஷிப்பின் 36 சதுர மைலை 12-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

அலுவலகங்களுக்கு வருவோம். பத்திரமும் அடமானமும் ரெக்கார்டரிடம். உரிமை மாற்றப் பதிவேடு ஆடிட்டரிடம்; பெயரைப் பார்த்துத் தணிக்கையாளர் என்று நினைக்க வேண்டாம், தேர்தல் நடத்துவதும் அவர்தான். வரிப் பாக்கி ட்ரெஷரரிடம். தீர்ப்புகளும் உயில் வழக்குகளும் கோர்ட் கிளார்க்கிடம். அவர் உட்காருவது கவுன்டி கட்டடம். ஆனால் மாநில நீதித்துறை ஊழியர்.

வரி ஆண்டில் ஏமாறாதீர்கள். 2023 ஜனவரி 1 மதிப்பீட்டுக்கான வரி 2024 செப்டம்பரிலும் 2025 மார்ச்சிலும் இரண்டு தவணையாகக் கட்டப்படும். 'நடப்பு வரி' என்று மொட்டையாக எழுதினால் எந்த ஆண்டு என்று கேட்டுத் திருப்பிவிடுவார்கள்.

லீ கவுன்டி என்று கேள்வி வந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதற்கு ஃபோர்ட் மேடிசன், கியோகக் என்று இரண்டு தலைமையிடம். ஒன்றில் மட்டும் தேடிவிட்டு 'பாக்கி இல்லை' என்று எழுதினால் அந்த விடை தப்பு.