டியூபுக்கு விடை கொடுத்த பின்சக்கரம்

என்னிடம் இருப்பது 1970களில் வந்த யமஹா டிவை 175. ட்ரையல்ஸ் பைக். கல்லும் வேரும் கிடக்கிற மேட்டில் கால் ஊன்றாமல் ஏறுவதுதான் இதற்கு வேலை, வேகமெல்லாம் இதனிடம் கேட்கக்கூடாது. பின் டயரில் 4, 5 பி.எஸ்.ஐ. காற்றுதான் வைப்போம். கட்டைவிரலால் அமுக்கினாலே உள்ளே போகும். அப்போதுதான் டயர் கல்லைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் அவ்வளவு குறைந்த காற்றில் டியூப் படும் பாடு! கல்விளிம்பில் இடித்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி அருகருகே இரண்டு ஓட்டை. சில சமயம் டயரை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும் ரிம் லாக்கையும் மீறி டயர் நழுவி, டியூபையும் இழுத்துக்கொண்டு போய், வால்வை அடியோடு பிய்த்துவிடும். மூன்றாவது டியூபும் அப்படிப் போனதும், டியூபே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

இப்போது வரும் ட்ரையல்ஸ் பைக்குகளில் பின் டயர் பெரும்பாலும் டியூப்லெஸ்தான். சில ரிம்களில் நடுவே ஒரு விளிம்பு எழும்பியிருக்கும், ஸ்போக்ஸ் அதில் மாட்டும், அதனால் காற்று நிற்கும் அறையில் ஓட்டையே கிடையாது. இன்னொரு வகையில், ஸ்போக்ஸை ரிம்மில் இறுக்கும் குட்டி நட்டுகளான நிப்பிள்களுக்கு மேல் தடித்த ரப்பர் பட்டை ஓடும். என் ரிம்மில் இரண்டும் இல்லை. 36 நிப்பிள், ஒரு வால்வு, ஒரு ரிம் லாக். காற்று ஓடிப்போக 38 வழி.

முதல் முறை சொதப்பியதைச் சொல்லிவிடுகிறேன். கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, ஒவ்வொரு நிப்பிள் தலையிலும் காற்றுப் போகாமல் அடைக்கும் பசையான சீலன்ட் வைத்தேன். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். பிறகு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் லேசாகப் பெண்டு. நாலைந்து ஸ்போக்ஸை முறுக்கினேன். நிப்பிள் திரும்பியதும் அதன் மேலிருந்த சீலன்ட் பொருக்காகப் பெயர்ந்து வந்தது. மொத்தத்தையும் சுரண்டி எடுக்க ஒரு மாலை ஆனது. பெண்டு எடுத்து, ஸ்போக்ஸ் எல்லாம் தட்டினால் ஒரே மாதிரி ஒலிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சீலன்ட் டப்பாவையே திறக்க வேண்டும்.

சீலன்டிலும் ஒரு விஷயம் உண்டு. வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். காயும்போது அமிலம் விடும், உலோகத்தை அரிக்கும். நான் இரண்டாம் முறை பாலியூரித்தேன் வகையை வைத்தேன். மேலே அகலமான சீலிங் டேப்பை இழுத்துப் பிடித்து ஒட்டி, விரல் நகத்தால் ஓரமெல்லாம் அழுத்தினேன். ரிம் லாக் துளைக்கு இருபுறமும் ரப்பர் வாஷர் வைத்து ஒரு குட்டை போல்ட். வால்வுக்கு நட்டு போட்டு இறுக்கும் உலோக வகை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். உண்மையான மல்லுக்கட்டு பீடில்தான், அதாவது ரிம்மில் கவ்வி உட்காரும் டயரின் உள் ஓரத்தில்தான் இருந்தது. டியூப்லெஸ் ரிம்மில் பீட் உட்காரும் இடத்துக்கு உள்பக்கம் ஒரு சின்ன மேடு இருக்கும், காற்று குறைந்தாலும் பீட் நடுவே நழுவாது. என் ரிம்மில் அந்த மேடு இல்லை. புது டயரில் காற்றடித்தால் புஸ்ஸென்று ஓரம் வழியே போகிறது. கடைசியில் டியூபைப் போட்டுக் காற்றடித்து இரண்டு பக்கமும் பீடை உட்கார வைத்து ஒரு இரவு விட்டேன். மறுநாள் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி, டியூபை உருவி, வால்வை மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, டயரைச் சுற்றி ராட்செட் பட்டையை இறுக்கினேன். வால்வின் உள்முள்ளைக் கழற்றிவிட்டு கம்ப்ரஸரைத் திறந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. உப்பத் தொடங்கியதும் பட்டையைத் தளர்த்திவிட்டுத் தள்ளி நின்றேன். பிறகு 'டப்'. பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டவே கூடாது. எரியும் ஸ்பிரே அடித்துத் தீ வைத்து பீடை ஏற்றும் வித்தை பக்கம் நான் போகமாட்டேன்.

சோப்புத் தண்ணீரில் குமிழி வந்தது நிப்பிளில் இல்லை, நான் அலட்சியமாக விட்ட ரிம் லாக் துளையில்! போல்ட்டை இன்னும் அரைச் சுற்று முறுக்கியதும் நின்றது.

கல்லில் வித்தியாசம் உடனே தெரிந்தது. டயர் முன்பைவிட வளைந்து கொடுக்கிறது, வழுக்கும் வேரில் பின்சக்கரம் சும்மா சுழல்வது குறைந்துவிட்டது. ஆனால் ரோட்டில் வேகமாக ஓடும் பைக்குக்கு, மேடு இல்லாத ரிம்மில் இதை நான் செய்யமாட்டேன். டயர் ரிம்மில் நழுவுகிறதா என்று பார்க்க, இரண்டிலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு விரல் அகலம் நகர்ந்திருக்கிறது. ஒரு ஸ்போக் மட்டும் தட்டினால் மந்தமாக ஒலிக்கிறது. தெரிந்தும் அதைத் தொடவில்லை.